அழலேன்னா ஓடி வரேன்

1944 நவம்பர் 9, வியாழக்கிழமை. காலை ஏழரைக்கு எழுந்தேன். ஜப்பான்காரன் ஆட்சிக்கு வந்து மாற்றிவைத்த மணிக்கு ஏழரை. பழைய மணிக்கு ஆறு. வானம் மூடியிருந்தது, மழை இல்லை. என் மனைவி மரவள்ளிக்கிழங்கை அடுப்பில் வைத்திருந்தாள். பக்கத்து அடுப்பில் அக்காவின் சிறிய ஈயப் பாத்திரத்தில் ஊசி கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா தினமும் முதலில் செய்யும் வேலை அதுதான். ஊசி போடுவதற்கு மருந்து இருக்கிறதோ இல்லையோ, ஊசி கொதிக்க வேண்டும். பிறகு தொங்கு தராசின் கொக்கியைத் துடைப்பார், குழந்தையை வைத்து நிறுக்கும் துணித்தொட்டிலை மடித்துப் பையில் வைப்பார், நோட்டை எடுத்து அன்று போக வேண்டிய வீடுகளைப் பார்ப்பார். இதையெல்லாம் அன்றும் செய்துவிட்டுக் குளிக்கப் போனார்.

எட்டு பத்துக்குக் காசிம் பாய் வந்தார். ஆற்றோரக் கம்பத்துக் குடியிருப்பின் முனையில் சிறு கடை வைத்திருப்பவர். கிழங்கு மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறவர், எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்றார்.

"கிராணியாரே, சரசு சொல்லிவிட்டுச்சு. பிள்ள ரெண்டு நாளா ரொம்ப சமத்தா இருக்காம். அழுகையே இல்லையாம். மிஸ்ஸி இன்னிக்கு வர வேணாம், கால் வலியோட அலைய வேணாம்னுச்சு."

"சொல்லிடறேன் பாய்."

இருபத்திரண்டு வருடமாக நான் நாட்குறிப்பு எழுதுகிறேன். அன்றும் அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன். அக்கா குளித்துக்கொண்டிருந்ததால், வேலைக்குப் புறப்படும்போது மனைவியிடம், "அக்கா இன்னிக்கு ஆத்தோரம் போக வேணாமாம், சரசு சொல்லிவிட்டுச்சு," என்று மட்டும் சொல்லிவிட்டு நான் குமாஸ்தாவாக இருக்கும் ரயில்வே சரக்கு அலுவலகத்துக்குப் போனேன். நான் செய்த தவறு இவ்வளவுதான். செய்தியைச் சொன்னேன், அதிலிருந்த சொல்லைச் சொல்லவில்லை.

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு வருடமாக என்னைக் கேட்டிருக்கிறீர்கள். "திடீரென்று" என்று மட்டுமே சொல்லி வந்தேன். அது உண்மையல்ல என்பதை என் நாட்குறிப்பே காட்டுகிறது. ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அக்கா கிள்ளானில், ரயில்வே தொழிலாளர் லயத்தின் வரிசை வீடொன்றில் பிறந்தார். அப்பா அங்கே தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். எங்கள் இருவருக்கும் நடுவே பிறந்த மூன்று பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அக்காவுக்கும் எனக்கும் எட்டு வயது இடைவெளி. மிஷன் பள்ளியில் ஏழாம் வகுப்பு வரை படித்தார். பத்தொன்பது வயதில் திருமணம். மறுவருடம் அத்தான் காய்ச்சலில் போனார். அப்போது அக்காவின் கையில் ஒரு மாதக் குழந்தை இருந்தது. அது அழாது. பாலுக்குக்கூட அழாது. லயத்தில் எல்லாரும் அதைச் சமத்துக் குழந்தை என்றார்கள். தாயின் துக்கம் தெரிந்து நடந்துகொள்கிறது என்றுகூடச் சொன்னார்கள். மூன்றாவது மாதம் ஒரு நாள் மத்தியானம், யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல், அது போய்விட்டது. அக்கா பக்கத்தில்தான் இருந்தார். தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

இதை அக்கா என்னிடம் சொன்னதில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். ஆனால் சமத்து என்ற அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் குழந்தைகளைப் பற்றிச் சொல்லக்கூடாது என்பது எனக்குத் தெரியும்.

அதன் பிறகு அக்கா கோலாலம்பூர் வந்து, ஆஸ்பத்திரியில் ஆயாவாகச் சேர்ந்து, பேறுகாலப் பயிற்சி பெற்று, பச்சைக் குழந்தைகளைக் கவனிக்கும் கிளினிக்கில் நர்ஸானார். பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் இருப்பவர்களுக்கு அவர் வெறும் "மிஸ்ஸி"தான். எனக்கு மாற்றலாகி நானும் பிரிக்பீல்ட்ஸ் வந்த நாள் முதல் எங்களோடு இருந்தார்.

அக்காவின் நோட்டை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம். பக்கத்துக்கு ஆறு கட்டங்கள். சத்தம், மூச்சு, நிறம், உச்சிக்குழி, பால், எடை. எல்லாரும் எடையை முதலில் எழுதுவார்கள். அக்கா கடைசியில் எழுதுவார். "எடை நேத்திக்கு நடந்ததச் சொல்லும் தம்பி. சத்தம் இன்னிக்கு நடக்கறதச் சொல்லும்," என்பார். ஒரு வீட்டுக்குள் போனால் உடனே குழந்தையைத் தூக்கமாட்டார். வாசலிலேயே சற்று நின்று கேட்பார். தூங்குகிற குழந்தையாக இருந்தால் அதன் உள்ளங்காலை விரலால் சுண்டி எழுப்புவார். தாய்மார்களுக்கு இது பிடிக்காது.

"இப்பத்தான் மிஸ்ஸி தூங்குச்சு, எழுப்பிவிட்டுட்டீங்களே."

"அழட்டும். அழுதா நான் உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போவேன். அழலேன்னா ஓடி வரேன்."

என் மனைவி இதைச் சொல்லிச் சிரிப்பாள். "ஊர்ல பிள்ள அழுவுதுன்னு டாக்டர்கிட்ட ஓடுவாங்க. நம்ம அண்ணி மட்டும் அழுவலைன்னு ஓடறாங்க." அக்காவும் சிரிப்பார். அவர் சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

1942இல் ஜப்பான்காரன் வந்தபின் கிளினிக்கில் மருந்தும் இல்லை, டின்பாலும் இல்லை. அக்கா தராசைப் பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக நடக்க ஆரம்பித்தார். ஒரு முறை பாலத்துக் காவலில் நின்ற சிப்பாய் அவரை நிறுத்தினான். பைக்குள் தராசைக் கண்டதும் அரிசி கடத்துகிறவர் என்று நினைத்துவிட்டான். அக்காவுக்கு அவன் பாஷை தெரியாது. குனிந்து வணங்கினார். பிறகு இரண்டு கைகளையும் தொட்டிலாக்கி ஆட்டி, ஐம்பது வயதுப் பெண்மணி, நடுச்சாலையில், பச்சைக் குழந்தை மாதிரி வாய்விட்டு அழுது காட்டினார். அவன் சிரித்துவிட்டான். அன்று முதல் அக்காவைக் கண்டாலே அவனும் கையைத் தொட்டிலாக ஆட்டி வழிவிடுவான். வீட்டில் இதை நடித்துக் காட்டிவிட்டு, "அவனுக்கும் ஊர்ல ஒண்ணு இருக்கும் போல," என்றார்.

அரிசிக்கு அளவு வந்து, கிழங்கே சோறான பிறகு அக்கா கண்ட ஆபத்து வேறு. தாய்க்கு உடம்பில் சத்து இல்லாதபோது, பால் நிறைய இருந்தாலும் அந்தப் பாலில் பிள்ளையைக் காப்பாற்றும் சத்து இருக்காது. பிள்ளை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும். ஊதியிருப்பது சதையல்ல, நீர். பிறகு ஒரு நாள் அதன் குரல் அடைக்கும். வாய் திறந்து அழும், முகம் சுருங்கும், சத்தம் வராது. அதன் பின் இதயம் நிற்க ஒரு நாளோ இரண்டு நாளோதான். பெரியவர்களுக்குக் கால் வீங்கும் அதே பெரிபெரி நோய்தான் இது என்று அக்கா சொல்வார். இதற்கு ஊசி மருந்து உண்டு, ஆனால் கிடைக்காது. கிடைப்பது தவிடு. பன்றிக்கும் கோழிக்கும் போடும் தவிட்டை அக்கா ஒரு சீனர் ஆலையில் கெஞ்சி வாங்கி, சலித்து, வறுத்து, கொஞ்சம் கூலா மலாக்கா என்னும் தென்னை வெல்லம் சேர்த்துப் பொட்டலம் கட்டிப் பிள்ளைபெற்ற பெண்களுக்குக் கொடுப்பார்.

"பன்னி தின்றத எனக்குக் குடுக்கறீங்களே மிஸ்ஸி," என்று சரசு ஒரு முறை கேட்டதற்கு, "பன்னி எப்படி இருக்கு, நீ எப்படி இருக்கே, பாத்தியா?" என்று அக்கா கேட்டாராம். சரசுவே சொன்னது.

இந்தச் சரசுவின் கணவரைச் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். இன்றுவரை தகவல் இல்லை. அவர் போன நாலாவது மாதம் பெண் குழந்தை பிறந்தது. அக்காதான் பேறு பார்த்தார். நோட்டில் அந்தப் பக்கத்தின் முதல் வரி, "பிறந்தவுடன் சத்தம் நன்று" என்று தொடங்குகிறது.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

மாலை ஆறு மணிக்கு வீடு திரும்பினேன். அக்கா நாற்காலியில் கால்களைப் பலகைமேல் நீட்டி உட்கார்ந்து தவிடு பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். காப்பி குடித்தோம்.

"சரசு எங்கயாச்சும் போயிருக்கா?" என்று அக்கா கேட்டார். குரல் தாழ்ந்து, கம்மியிருந்தது. ஒரு மாதமாக அப்படித்தான்.

"இல்லையே. பிள்ள நல்லா இருக்குன்னுதான் வர வேணாம்னு சொல்லிவிட்டிருக்கு."

"நல்லா இருக்குன்னா சொன்னாங்க?"

நாட்குறிப்பை எடுத்து வாசித்தேன். ரெண்டு நாளா ரொம்ப சமத்தா இருக்காம். அழுகையே இல்லையாம்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். "சமத்துங்கறது அவங்க சொன்ன வார்த்தையா, நீ எழுதின வார்த்தையா?"

"அவங்க சொன்னதுதான்."

"எத்தன மணிக்குச் சொன்னாங்க?"

"காலையில எட்டு பத்துக்கு."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து பையை எடுத்தார். கால் செருப்புக்குள் நுழையவில்லை; குதிகாலை வெளியே விட்டபடி நடந்தார். ஆற்றோரம் இருபது நிமிட நடை. பையை நான் வாங்கிக்கொண்டேன். வழியில் இரண்டு முறை நின்று வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மெதுவாப் போலாம்க்கா," என்றேன். "பேசாம வா," என்றார்.

சரசு வாசலில் எங்களைக் கண்டதும் சிரித்தாள். "வர வேணாம்னு சொல்லிவிட்டேனே மிஸ்ஸி. பாருங்க, எப்படித் தூங்குது."

அக்கா வாசலில் நின்று கேட்டார். பிறகு உள்ளே போய்க் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். குழந்தை விழித்தது. முகம் சிவந்து சுருங்கியது, வாய் அகலத் திறந்தது, கைகள் நடுங்கின. அறையில் ஒரு சத்தமும் இல்லை. என் வாழ்நாளில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுவது போல இருந்தது.

"ஒரு நிமிஷம் சொல்லு," என்றார் அக்கா. நான் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல, அவர் மூச்சை எண்ணினார். உதட்டைப் பார்த்தார். உச்சிக்குழியைத் தொட்டார். காதை நெஞ்சில் வைத்து நீண்ட நேரம் கேட்டார். அப்புறம் பையின் அடியிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒரு சிறு கண்ணாடிக் குப்பியை எடுத்தார். காலையில் கொதிக்கவைத்த ஊசியை எடுத்து, மருந்தை ஏற்றி, தொடையில் போட்டார். மணி ஆறு ஐம்பது. எழுதிக்கொண்டேன். தவிட்டை வெந்நீரில் கரைத்து வடிகட்டி, சில கரண்டி குழந்தையின் உதட்டில் விட்டு, மீதியைச் சரசுவைக் குடிக்கச் சொன்னார்.

"நான் குடுத்த பொட்டலத்த என்ன பண்ணினே?"

சரசு தலைகுனிந்தாள். "கோழிக்குப் போட்டேன் மிஸ்ஸி. கசக்குது."

"முட்ட போட்டுச்சா?"

"போட்டுச்சு."

"அதையாச்சும் தின்னியா?"

"வித்துட்டேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதிலும் சத்தம் இல்லை. "நாளைக்குக் காலையில முதல்ல சத்தத்தக் கேக்கணும். குரல் வந்துட்டா பொழச்சிரும்," என்றார். நோட்டில் அன்றைய தேதி போட்டு, முதல் கட்டத்தில் "இல்லை" என்று எழுதினார். அதுதான் அக்காவின் கடைசி எழுத்து.

ஏழு நாற்பதுக்கு வீடு சேர்ந்தோம். வெளிச்சம் இன்னும் இருந்தது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார், மனைவி கொடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டார். நான் மேசைக்குப் போய் அன்றைய குறிப்பை முடித்தேன். "7.50. அக்கா அமைதியாகத் தூங்குகிறார்" என்று எழுதினேன். எட்டு ஐந்துக்கு மனைவி விளக்கேற்றிக்கொண்டு வந்தவள், "அண்ணி," என்றாள். மறுபடி, "அண்ணி," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

அவர் எந்த நிமிடத்தில் போனார் என்பது எனக்குத் தெரியாது. நான் ஆறடி தூரத்தில் பேனாவோடு இருந்தேன்.

கிளினிக்கில் அக்காவோடு பல வருடம் மருத்துவ உதவியாளராக வேலை செய்த டிரஸ்ஸர் அண்ணன் அடுத்த தெருவிலிருந்து வந்தார். அக்காவின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் குழியாகவே நின்றது.

"ஊசி போட்டுக்கிட்டாங்களா? போன வாரம் ஒரு குப்பி குடுத்தேன். சண்டைக்கு முந்தின சரக்கு, என்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். உடனே போட்டுக்கணும்னு சொல்லித்தான் குடுத்தேன்."

"போட்டாங்க. ஆறு ஐம்பதுக்கு."

"தனக்கா?"

"சரசு பிள்ளைக்கு."

அவர் போர்வையை இழுத்து அக்காவின் கால்களை மூடினார்.

காரியங்கள் முடிந்தபின் என் நாட்குறிப்பைப் பின்னோக்கிப் புரட்டினேன். எல்லாம் இருந்தன. ஆகஸ்டில், "அக்கா ஷூவை விட்டுச் செருப்புக்கு மாறினார், காற்றோட்டமாக இருக்கிறதாம்." செப்டம்பரில், "படியேறும்போது அக்கா நடுவில் உட்கார்ந்தார்." "தவிடு நமக்கும் கொஞ்சம் வைத்தால் என்ன என்று மனைவி கேட்டாள். பிள்ளைபெற்றவர்களுக்கே போதவில்லை என்றார்." அக்டோபரில், "அக்காவுக்குத் தொண்டை கம்மல். மழையில் நனைந்தது காரணம்." அதே மாதக் கடைசியில், "அக்கா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை, சத்தம் போட்டுச் சிரிப்பதில்லை. அண்ணி ரொம்பச் சமத்தாகிவிட்டார் என்று மனைவி வேடிக்கையாகச் சொன்னாள்."

அந்த வரியை நான் என் கையால் எழுதியிருக்கிறேன். அடித்தல் திருத்தல் இல்லை. குரல் அடைப்பதும் உடம்பு ஊதுவதும் என்ன என்று அக்கா எத்தனையோ தாய்மார்களுக்குச் சொல்லும்போது பக்கத்தில் பையோடு நின்றவன் நான். அக்கா தமக்கு ஒரு பக்கம் போட்டுக்கொள்ளவில்லை. நான் நாள் தவறாமல் எழுதியும் வாசிக்கவில்லை. ஒரு வருடம் ஆகியும் அந்த அதிர்ச்சி எனக்குக் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை. உங்கள் வீட்டில் சத்தம் போடுகிறவர் ஒருவர் அமைதியானால், அதை நல்லது என்று குறித்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொல்லத்தான் இந்த மலர்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். கிள்ளானிலிருந்து ரயில் கிடைக்காமல் லோரியில் நின்றபடி வந்து சேர்ந்த சித்தப்பா குடும்பத்தார். இறுதிவரை கூட இருந்த டிரஸ்ஸர் அண்ணன். தவிடு தந்த ஆலைக்காரர். ஊரில் துணி இல்லாத காலம் அது. காசிம் பாய் தம்முடைய கடைசி நாளுக்கென்று பெட்டியில் வைத்திருந்த வெள்ளைத் துணியைக் கொண்டுவந்து கொடுத்து, "எனக்கு இன்னும் நாள் இருக்கு," என்றார். அக்கா அந்தத் துணியில்தான் போனார். செந்தூலிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் தாய்மார்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகள் கூட்டத்தில் வீரிட்டு அழுதன. யாரும் அவற்றை அடக்கவில்லை. இந்தக் காகிதத்தைத் தேடித் தந்த அச்சக நண்பருக்கும் நன்றி. படம் போட வசதியில்லை. அக்காவின் முகம் உங்களுக்குத் தெரியும்.

நவம்பர் 10, வெள்ளிக்கிழமை. உறவினர்கள் இன்னும் வந்து சேரவில்லை. பறைக்குச் சொல்லவில்லை, பந்தல் போடவில்லை. அக்கா கூடத்தில் இருந்தார். தலைமாட்டில் மனைவி உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்கு, விடிந்தும் விடியாததுமாக, அக்காவின் நோட்டை எடுத்துக்கொண்டேன்.

"எங்க போறீங்க, இந்த நேரத்துல?" என்றாள் மனைவி. நோட்டைக் கண்டதும் மேலே கேட்கவில்லை.

எட்டு இருபதுக்கு ஆற்றோரம் போய்ச் சேர்ந்தேன். சரசுவுக்குச் செய்தி எட்டியிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். இரவு முழுவதும் தூங்காத முகம்.

"நான்தான் வர வேணாம்னு சொல்லிவிட்டேன் ஐயா."

"நானும் சொல்லாம வச்சிருந்தேன்ம்மா."

அவள் பாயில் உட்கார்ந்து குழந்தையை மடியில் கிடத்தினாள். நான் வாசலில் நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. சரசு துணியை விலக்கி, அக்கா செய்வது போலவே, உள்ளங்காலை விரலால் சுண்டினாள். குழந்தை முகத்தைச் சுருக்கியது. வாய் திறந்தது. முதலில் காற்று மட்டும் வந்தது. சரசு மறுபடி சுண்டினாள். கரகரவென்று, உடைந்த குரலில், துருப்பிடித்த கதவு திறப்பது போல, குழந்தை அழுதது. மூச்சு எடுத்துக்கொண்டு இன்னும் உரக்க அழுதது.

நோட்டைத் திறந்தேன். அக்காவின் "இல்லை"க்குக் கீழே தேதி போட்டு, முதல் கட்டத்தில் "உண்டு. கம்மல்" என்று எழுதினேன். பிறகு கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இரண்டாவது கட்டத்துக்காக மூச்சை எண்ணத் தொடங்கினேன்.